37 டிகிரியில் அடியில் தங்கும் புரதம்: கலவையை மாத்தணுமா, சூழலை மாத்தணுமா?

குடுவைவாசி | திங்கள், இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா ஒரே புரதத்தோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள ஜீனை ஏத்தியாச்சு, செல் நல்லா வளருது, புரதமும் உருவாகுது. ஆனா செல்லை உடைச்சு சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தினதும் அத்தனையும் அடியில போய் உக்காந்துக்குது. புரதத்தைப் பிரிச்சுக் காட்டற ஜெல்ல, அடியில தங்கினதை ஓடவிட்ட படிவு லேனைப் பாத்தா தடியா, கன்னங்கரேல்னு ஒரு பட்டை. மேல்திரவ லேன்ல அதே உயரத்துல ஒண்ணுமே இல்ல. சரியா மடியாத புரதம் கட்டிகட்டியா ஒட்டிக்கிட்டு இன்க்ளூஷன் பாடியா கிடக்குது.

இதுவரைக்கும் செஞ்சது மூணு. முதல்ல எல்பி ஊடகம், அதாவது பாக்டீரியாவுக்குப் போடற வழக்கமான சாப்பாட்டுக் கரைசல், 37 டிகிரி: எல்லாம் அடியில. அடுத்து ஊடகத்தை மட்டும் மாத்தி டிபி, அதாவது டெரிஃபிக் பிராத், அதே 37: செல் ரெண்டு மடங்குக்கு மேல வந்துச்சு, அடியில இருக்கிற பட்டை இன்னும் தடிச்சுது, மேல ஒண்ணும் இல்ல. "டிபி உதவாது"ன்னு நோட்டுல எழுதிட்டேன். மூணாவது, திரும்ப எல்பி, ஐபிடிஜி (புரத உற்பத்தியைத் தொடங்கி வைக்கிற பொருள்) போட்டப்புறம் 18 டிகிரியில ராத்திரி முழுக்க: மேல்திரவத்துல பென்சில்ல இழுத்த மாதிரி மெல்லிசா ஒரு கோடு. சந்தோஷம்தான், ஆனா அந்தக் கோட்டை வெச்சு ஒரு வேலையும் ஆகாது.

ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்னு கைடு சொல்லிக் குடுத்திருக்கார். அப்படித்தான் போறேன். என் கேள்வி: கலவையா (ஊடகம்), சூழலா (வெப்பம்), எது முக்கியம்? அது தெரிஞ்சா இன்னொண்ணுல நேரத்தை விடாம இருக்கலாம்.

---

ஒத்துக்கமாட்டேன் | திங்கள், இரவு 11:58

கலவைதான். இதுல விவாதமே கிடையாது. 0.1% கார்பன் இருக்கிற இரும்பை எடுத்து எப்படி வேணா சூடாக்கு, எந்தத் தண்ணியில வேணா முக்கு, அரம் செய்ய முடியுமா? முடியாது. உள்ள என்ன இருக்கோ அதுதான் வெளிய வரும். சூழல் அதை வெளிய கொண்டு வருது, அவ்வளவுதான். உங்க புரதத்துல ஏதாவது அமினோ அமிலத்தை மாத்திப் பாருங்க, வெப்பத்தோட விளையாடாதீங்க.

---

உலைமுகம் | செவ்வாய், காலை 6:15

இரும்புன்னதும் ஓடி வந்துட்டேன். வெப்பச் சிகிச்சை பண்ற இடத்துல இருபது வருஷமா ஆய்வாளன் நான்.

ஒத்துக்கமாட்டேன் சார் சொன்னதுல பாதி சரி. 0.1% கார்பன்ல அரம் வராது. ஆனா 0.8% இருக்கிற துண்டையே ரெண்டா வெட்டி, ரெண்டையும் சிவக்கச் சூடாக்கி, ஒண்ணை உலைக்குள்ளயே விட்டு மெதுவா ஆறவிடுங்க, இன்னொண்ணைத் தண்ணியில தோய்ச்சல் போடுங்க. முதல் துண்டுல அரம் பாயும். ரெண்டாவதுல அரம் வழுக்கிட்டுப் போகும், சுத்தியால அடிச்சா கண்ணாடி மாதிரி உடையும். சோதனைச்சாலைக்கு அனுப்பினா ரெண்டுக்கும் ஒரே அறிக்கைதான் வரும். அணுக்கணக்குல ஒரு மாத்தமும் இல்ல. அடுக்கின விதம் மட்டும் வேற.

இதைவிட நல்ல கதை ஒண்ணு இருக்கு, என் கையைச் சுட்டது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஸ்டெயின்லெஸ் குழாய் ஒரு தொகுதி வந்துச்சு. 304 ரகம், குரோமியம் 18, நிக்கல் 8, சான்றிதழ் கச்சிதம். நான்தான் கையெழுத்துப் போட்டேன். வெல்டிங் பண்ணிப் பொருத்தினாங்க. சில மாசத்துல துரு. வெல்டு மேலயா? இல்ல. வெல்டுக்கு ரெண்டு பக்கமும், சில மில்லிமீட்டர் தள்ளி, தண்டவாளம் மாதிரி ரெண்டு கோடு. வெல்டு பளபளன்னு இருக்கு, தூரத்துல குழாயும் பளபளன்னு இருக்கு, நடுவுல மட்டும் பொடிப்பொடியா உதிருது.

என்ன ஆச்சுன்னா, வெல்டு பண்ணும்போது அந்தப் பட்டை மட்டும் ஏறக்குறைய 450-லிருந்து 850 டிகிரி வரைக்கும் உள்ள வெப்பத்துல கொஞ்ச நேரம் நின்னிருக்கு. அந்த வெப்பத்துல கார்பனுக்குக் கால் முளைச்சுடும். உலோகத்துக்குள்ள இருக்கிற படிகமணிகளோட எல்லைக்கு ஓடிவந்து குரோமியத்தைப் பிடிச்சுக் கார்பைடா மாறிடும். 6 கார்பன் அணுவுக்கு 23 குரோமியம். எடையில பாத்தா 1 கிராம் கார்பன் 16 கிராமுக்கு மேல குரோமியத்தை முழுங்கும். மொத்தத்துல இன்னும் 18% தான், ஆனா எல்லையை ஒட்டின மெல்லிசான ஓரத்துல மட்டும் குரோமியம் வத்திப் போயிருக்கும். துரு பிடிக்காம இருக்க 11, 12 சதவீதமாவது வேணும். அது கீழ இறங்கின இடத்துல துரு உள்ள புகுந்துடுச்சு.

இப்ப கேளுங்க, தீர்வு எது? கார்பனை 0.08%-லிருந்து 0.03%-க்குக் கீழ குறைச்ச 304எல் வாங்கலாம், அது கலவை வழி. டைட்டானியம் சேர்த்த 321 வாங்கலாம், கார்பன் முதல்ல டைட்டானியத்தைப் பிடிச்சுக்கும், அதுவும் கலவை வழி. இல்ல பழைய குழாயையே 1050 டிகிரி வாக்குல சூடாக்கி, கார்பைடைக் கரைச்சு, சட்டுனு ஆறவெச்சா போதும், அது சூழல் வழி. எது முக்கியம்னு கேட்டா நான் என்ன சொல்ல? 0.06% கார்பன் தப்பா? வெல்டு பண்ணாத வரைக்கும் தப்பே இல்ல.

---

அமைதிவிரும்பி | செவ்வாய், காலை 7:02

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. முன்னோர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்.

---

நான்குகட்டம் | செவ்வாய், காலை 7:30

சொன்னாங்க, எந்த வெப்பத்துல எவ்வளவு அளவுன்னு சொல்லாம போயிட்டாங்களே!

குடுவைவாசி தம்பி, உங்க கேள்வியிலதான் சிக்கல். ரெண்டு ஊடகம், ரெண்டு வெப்பம். மொத்தம் நாலு கட்டம். நீங்க மூணைத்தான் நிரப்பியிருக்கீங்க. டிபியும் 18-ம் சேர்ந்த கட்டம் காலியா இருக்கு. 37-ல டிபி உதவலைன்னா 18-லயும் உதவாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அந்த முடிவுக்கு ஆதாரம் எங்க?

ஒரு நேரத்துல ஒண்ணுங்கிற வழி எப்ப சரியா வரும்? ரெண்டு காரணியும் ஒண்ணை ஒண்ணு கண்டுக்காம, தனித்தனியா வேலை செஞ்சா வரும். உலைமுகம் சொன்ன குழாயைப் பாருங்க. கார்பனைக் கூட்டினா கெடுதலா? வெல்டு உண்டுன்னா ஆமா, இல்லைன்னா இல்ல. கார்பனோட விளைவுன்னு தனியா ஒரு எண் கிடையாது. இதைத்தான் நாங்க இடைவினைன்னு சொல்வோம். இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்துல இருந்தப்ப ரொனால்ட் ஃபிஷர் 1926-லயே எழுதிட்டார், இயற்கைகிட்ட ஒவ்வொரு கேள்வியா கேக்காம பல கேள்வியைச் சேர்த்துக் கேக்கணும்னு. உரமும் ரகமும் சேர்ந்து என்ன செய்யும்னு தனித்தனி வயல்ல கண்டுபிடிக்க முடியாதே. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு, கைடுங்க இன்னும் பழைய பாட்டையே பாடுறாங்க. (உங்க கைடைச் சொல்லலை. சரி, அவரையும்தான்.)

நாலாவது கட்டத்தை நிரப்பிட்டு வாங்க.

---

ஒத்துக்கமாட்டேன் | செவ்வாய், காலை 9:10

நீங்க ரெண்டு பேரும் சொல்றதைச் சேர்த்துப் பாத்தாலும் கலவைதானே முதல் எழுத்து? 304எல் வாங்கியிருந்தா இந்தக் கதையே இல்ல. சூழலை எல்லா நேரமும் கட்டுப்படுத்த முடியாது, கலவையை ஒரு தடவை சரி பண்ணிட்டா தலைவலி போச்சு. உயிரியல்ல இது இன்னும் உண்மை. ஜீன் சரின்னா எல்லாம் சரி.

---

சிவப்பணு | செவ்வாய், பகல் 1:25

ஜீன் என்றதால் எழுதுகிறேன். இரத்தவியல் ஆய்வகத்தில் வேலை. அரிவாள் செல் நோயைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்த விவாதத்துக்குக் கிடைக்காது.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வாலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்துவிடுகிறது. 146-இல் ஒன்றே ஒன்று. இது மூலக்கூறிலேயே உள்ள நோய் என்று 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினார்கள். மாறியது எந்த அமினோ அமிலம் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் வெர்னான் இன்கிராம் கண்டுபிடித்தார். கலவை வாதத்துக்கு இது கோட்டை போல் தெரியும். ஆனால் அந்தச் சிவப்பணு நுரையீரலில் இருக்கும்போது பாருங்கள்: ஆக்சிஜன் ஏறிய நிலையில் மாறிய ஹீமோகுளோபினும் கரைந்தே இருக்கும். திசுக்களில் ஆக்சிஜனை இறக்கியபின்தான் வாலின் அடுத்த மூலக்கூறின் பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்ளும். ஒன்றோடொன்று கோத்து நீள இழைகளாகி அணுவையே வளைத்துவிடும்.

எங்கள் பரிசோதனையே இந்த உண்மையின்மேல்தான் நிற்கிறது. சோதனைக் குழாயில் சிவப்பணுவை உடைக்கும் பொருளும், ஆக்சிஜனைப் பிடுங்கும் சோடியம் டைதயோனைட்டும் கலந்த தாங்கல் கரைசல். அதில் சில துளி இரத்தம். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடுகள் போட்ட அட்டையைப் பிடிப்போம். சாதாரண இரத்தமென்றால் கரைசல் தெளிந்து கோடுகள் தெரியும். அரிவாள் ஹீமோகுளோபின் என்றால் சில நிமிடங்களில் கலங்கி, கோடுகள் மறைந்துவிடும். டைதயோனைட் பழையதாகி வீரியம் போயிருந்தால் நோயுள்ள இரத்தமும் தெளிவாகவே நிற்கும். கலவை அப்படியே இருக்கிறது, சூழலை நாம் உண்டாக்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் ஒவ்வொரு முறையும் தெரிந்த மாதிரி ஒன்றையும் பக்கத்தில் வைத்தே பார்ப்போம்.

இன்னொன்று. இழை கட்டத் தொடங்கும்வரை ஒரு காத்திருப்பு நேரம் உண்டு. அது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் செறிவின் ஏறக்குறைய 30-ஆம் அடுக்கைப் பொறுத்துச் சுருங்கும். கணக்குப் போட்டால், செறிவு 10% ஏறினாலே நேரம் 17-இல் ஒரு பங்காகிவிடும். அணு நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளும்முன் இழை கட்டுமா, கட்டாதா என்பதுதான் போட்டியே. உடம்பில் நீர் வற்றினால் அணுவிலும் நீர் குறையும், செறிவு ஏறும், போட்டியில் தோற்றுவிடும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

---

புதுவரவு22 | செவ்வாய், பகல் 2:03

அக்கா, பிறந்த குழந்தைக்கு இந்தக் கோடு டெஸ்ட் பண்ணலாமா?

---

சிவப்பணு | செவ்வாய், பகல் 2:20

கூடாது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் கருக்கால ஹீமோகுளோபின்தான் பெரும்பகுதி. அதில் பீட்டா சங்கிலியே இல்லை, காமா சங்கிலி இருக்கும். அது இழையில் சேராது, சேர்வதைத் தடுக்கவும் செய்யும். ஜீன் மாறியிருந்தாலும் கரைசல் தெளிவாக நிற்கும், நாம் ஏமாந்துபோவோம். சில மாதங்கள் கழித்து அது குறையும்போதுதான் நோய் தலைகாட்டும். ஹைட்ராக்ஸியூரியா மருந்து வேலை செய்யும் வழிகளில் முக்கியமானது, இந்தக் கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி கூட்டுவதுதான். பிழையான ஜீன் இருந்த இடத்திலேயே இருக்கும். பக்கத்துணை மாறிவிடும்.

---

மெல்லியபடலம் | செவ்வாய், மாலை 5:45

எல்லாரும் கலவை ஒரு பக்கம், சூழல் ஒரு பக்கம்னு பேசுறீங்க. உயிருள்ள பொருள்ல அந்தக் கோடே நிக்காது. சூழல் மாறினா உயிர் தன் கலவையைத் தானே மாத்திக்கும்.

குடுவைவாசி 37-லிருந்து 18-க்கு இறக்கினார் இல்லையா? அந்தப் பாக்டீரியா சும்மா குளிர்ல நடுங்கிட்டு இருக்கலை. அதோட செல் படலம் கொழுப்பால ஆனது, குளிர்ந்தா இறுகும். இறுகினா படலத்துல இருக்கிற புரதமெல்லாம் நகர முடியாது. அதனால குளிர்ல வளைஞ்ச வால் உள்ள, நிறைவுறாத கொழுப்பமிலங்களைக் கூடுதலா சேர்த்துக்கும். வளைஞ்ச வால் நெருக்கமா அடுக்காது, படலம் இளகியே இருக்கும். 1974-ல சினென்ஸ்கி ஈ.கோலையிலதான் இதைக் காட்டினார். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், இந்த வேலையைச் செய்யற நொதி புதுசா தயாராக வேண்டியதே இல்ல. ஏற்கெனவே இருக்கு, குளிர்ல அதோட வேகம் மத்த நொதிகளை ஒப்பிட்டா கூடுது. வெப்பமானியும் அதுதான், வேலையாளும் அதுதான்.

உலைமுகம் அண்ணாவோட இரும்பு இப்படிப் பதில் சொல்லாது. வெச்சா வெச்ச இடத்துல கிடக்கும்.

---

உலைமுகம் | செவ்வாய், இரவு 8:30

அப்படியா! இரும்பை விடுங்க, அலுமினியத்துக்கு வாங்க.

1906-ல ஜெர்மனியில ஆல்ஃப்ரெட் வில்ம்னு ஒருத்தர், சுமார் 4% தாமிரமும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தை எஃகு மாதிரியே சூடாக்கித் தண்ணியில முக்கிப் பாத்தார். கடினமாகலை. ஒண்ணும் தேறலைன்னு வாரக்கடைசி விடுமுறைக்கு அப்படியே போட்டுட்டுப் போனாங்க. திரும்பி வந்து அளந்தா நல்லா ஏறிக் கிடக்கு. அறை வெப்பத்துல, மேசை மேல, யாரும் தொடாம! அதுதான் பின்னால டூராலுமின்னு விமானத்துக்குப் போச்சு. தாமிர அணுக்கள் உள்ளுக்குள்ளயே மெதுவா ஊர்ந்து சின்னச்சின்னத் தட்டுகளாச் சேருதுன்னு 1938-லதான் கினியேவும் பிரஸ்டனும் தனித்தனியா எக்ஸ்-கதிர்ல பாத்தாங்க.

இதுல ஒரு வேடிக்கை. விமானத்துக்கு அடிக்கிற சில அலுமினிய ரிவெட்டுகளை ஃப்ரீசர்ல வெச்சிருப்பாங்க. சூடாக்கி முக்கினதும் மெத்துன்னு இருக்கும். வெளிய வெச்சா தானா இறுகிடும், அப்புறம் அடிச்சா விரிசல் விடும். குளிர்ல வெச்சா அணு ஊர முடியாது. தேவைப்படும்போது கைப்பிடி எடுத்து, இறுகறதுக்குள்ள அடிச்சு முடிக்கணும். நேரம் போனா திரும்ப உலைக்குத்தான். வெச்ச இடத்துல கிடக்கிற உலோகத்தை எதுக்குங்க ஃப்ரீசர்ல பூட்டணும்?

---

மெல்லியபடலம் | செவ்வாய், இரவு 8:52

தோத்துட்டேன். ஆனா பாதி. உங்க ரிவெட்டு எங்க போகணுமோ அங்க போகுது, அவ்வளவுதான். பாக்டீரியா உயிரோட இருக்கிறதுக்காகப் போகுது.

---

மருந்துப்பொடி | புதன், காலை 10:05

நான் மருந்து வடிவமைப்பில் இருப்பவன். ஒத்துக்கமாட்டேன் அவர்களுக்கு ஒன்று ஆதரவாக, ஒன்று எதிராக.

ஆதரவாக: இன்சுலின் கிளார்ஜின். சாதாரண இன்சுலினில் ஏ சங்கிலியின் 21-ஆம் இடத்தில் கிளைசினை வைத்தார்கள், பி சங்கிலியின் வாலில் இரண்டு ஆர்ஜினைன் ஒட்டினார்கள். மூன்று சின்ன மாற்றம். மூலக்கூறின் நிகர மின்னூட்டம் பூஜ்யமாகும் பிஹெச் 5.4-லிருந்து 6.7-க்கு ஏறியது. எந்த பிஹெச்சில் மின்னூட்டம் பூஜ்யமோ அதை ஒட்டித்தான் புரதம் மிகக் குறைவாகக் கரையும். குப்பியில் பிஹெச் 4, அங்கே தெளிவான கரைசல். தோலுக்கடியில் போனதும் பிஹெச் 7.4, அங்கே நுண்படிவாக விழுந்து, ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கலவையை மாற்றிய கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மாற்றியவர்களின் கண் முழுக்கச் சூழலின்மேல் இருந்தது. இதை வேறு இன்சுலினோடு ஒரே ஊசியில் கலக்காதே என்று எச்சரிப்பதும் அதனால்தான்: பிஹெச் மாறினால் கணக்கே மாறும்.

எதிராக: ரிட்டோனவிர். எச்.ஐ.வி. மருந்து, 1996-இல் சந்தைக்கு வந்தது. 1998-இல் மாத்திரை உறைக்குள் திடீரென்று வேறொரு படிக வடிவம் தோன்றியது. அதே மூலக்கூறு, அணு பிசகவில்லை. அடுக்கு மட்டும் வேறு; கரைதிறன் வெகுவாகக் குறைவு. அந்த உறை மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்று, வேறு வடிவில் கொண்டுவர வேண்டியதாயிற்று. தூய்மைப் பரிசோதனையை மட்டும் நம்பியிருந்தால் அது "சரி" என்றே சொல்லியிருக்கும். உலைமுகம் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் மாதிரி.

---

உலைமுகம் | புதன், காலை 10:31

அந்தக் கையெழுத்தை இனிமே இங்க யாரும் மறக்க விடமாட்டீங்க போல.

---

குடுவைவாசி | வெள்ளி, காலை 11:15

நாலாவது கட்டத்தை நிரப்பிட்டேன். டிபி, 18 டிகிரி. சொதப்பல்.

மேல்திரவத்துல கோடு இருக்கு, ஆனா எல்பி 18-ல வந்ததைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. அடியில மறுபடி பெரிய பட்டை. நான்குகட்டம் அண்ணா, டிபி உதவாதுன்னு நான் எழுதினது சரிதானே?

---

நான்குகட்டம் | வெள்ளி, காலை 11:40

அவசரப்படாதீங்க. எல்பி 18-க்கும் டிபி 18-க்கும் ஊடகத்தைத் தவிர வேற எதுவும் மாறலையா? குடுவை, அளவு, சுத்தற வேகம், எல்லாத்தையும் சொல்லுங்க.

---

குடுவைவாசி | வெள்ளி, பகல் 12:05

எல்பி 200 மில்லி, 1 லிட்டர் குடுவையில. டிபி நல்லா வரும்னு நம்பிக்கையில 1 லிட்டரா போட்டேன், 2 லிட்டர் குடுவையில. 37-ல ஓடி (செல் அடர்த்தியைக் காட்டற கலங்கல் அளவு) 0.6 வரைக்கும் வளர்த்து, குடுவையைச் சுத்தற ஷேக்கரை 18-க்குத் திருப்பி, திரையில 18 வந்ததும் ஐபிடிஜி போட்டேன். இது ரெண்டுலயும் ஒரே மாதிரிதான்.

---

உலைமுகம் | வெள்ளி, பகல் 12:09

நிறுத்துங்க. திரையில 18 வந்ததுன்னா எது 18? ஷேக்கருக்குள்ள இருக்கிற காத்தா, குடுவைக்குள்ள இருக்கிற திரவமா?

எங்க உலையில புதுசா வர்ற பசங்க செய்யற முதல் தப்பே இதுதான். உலை மீட்டர் 900 காட்டினதும் நேரம் எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. மீட்டர் சொல்றது உலையோட வெப்பம். நடுவுல கிடக்கிற இரும்புக்கட்டி இன்னும் கறுப்பா இருக்கும். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் ஊறவிடுன்னு ஒரு தோராயக் கணக்கு வெச்சிருக்கோம். உங்க 200 மில்லி சீக்கிரம் ஆறியிருக்கும். 1 லிட்டர் எப்படி ஆறும்? நீங்க ஐபிடிஜி போட்ட நேரத்துல அது இன்னும் சூடாத்தான் இருந்திருக்கும். 18-னு பேரு, நடந்தது 30-க்கு மேல.

---

மெல்லியபடலம் | வெள்ளி, பகல் 12:30

அண்ணா சொன்னது போக இன்னொண்ணு. பாதிக் குடுவையை நிரப்பினா காத்து எங்க போய்க் கலக்கும்? டிபியில லிட்டருக்கு 24 கிராம் ஈஸ்ட் சாறு, எல்பியில 5 கிராம். போதாததுக்கு கிளிசரால் வேற. செல் அடர்த்தியா வளர்ந்தா ஆக்சிஜன் அவ்வளவு வேணும். காற்றோட சமநிலையில இருக்கிற சுத்தமான தண்ணியிலயே 37 டிகிரியில லிட்டருக்கு 7 மில்லிகிராம்கூட கரையாது, 18-ல 9.5 வாக்குல கரையும். ஊடகத்துல இன்னும் குறைவு. கலவையை மட்டும் மாத்தினேன்னு நீங்க நினைச்சீங்க, அதோட சேர்ந்து ஆக்சிஜன் சூழலும் மாறிப்போச்சு. உங்க முதல் டிபி சோதனையும் இதே மாதிரி நிரம்பின குடுவைதானே?

---

குடுவைவாசி | வெள்ளி, பகல் 12:41

ஆமா அக்கா. அதுவும் பாதிக் குடுவை.

---

குடுவைவாசி | ஞாயிறு, இரவு 9:20

முதல்ல வெறும் தண்ணி 1 லிட்டரை 37-க்கு சூடாக்கி, ஷேக்கர்ல வெச்சு, திரையில 18 வந்தப்ப குடுவைக்குள்ள வெப்பமானியை விட்டுப் பாத்தேன். 34. அதுக்கப்புறம் 40 நிமிஷம் கழிச்சு 27. உலைமுகம் அண்ணாவுக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் டிபி 400 மில்லி, 2 லிட்டர் குடுவையில. ஓடி 0.6 வந்ததும் ஐஸ் தண்ணியில குடுவையை வெச்சு, உள்ள 18 ஆகிற வரைக்கும் கையால சுத்திட்டே இருந்தேன். விரல் மரத்துப் போச்சு. அப்புறம்தான் ஐபிடிஜி.

இன்னிக்கு ஜெல். மேல்திரவ லேன்ல பட்டை! எல்பி 18-ல வந்த பென்சில் கோடு இல்ல, மார்க்கர் கோடு. அடியிலயும் இருக்கு, ஆனா பாதிக்கு மேல மேல வந்துடுச்சு. நோட்டுல "டிபி உதவாது"ங்கிறதை அடிச்சுட்டேன்.

---

ஒத்துக்கமாட்டேன் | ஞாயிறு, இரவு 9:44

வாழ்த்துகள். ஆனா எதனால வந்துச்சு? ஊடகமா, ஆறவெச்சதா, காத்தா? கடைசி தடவை காத்தையும் ஆறவைக்கிறதையும் ஒண்ணாத்தானே மாத்தினீங்க? எதுன்னு தெரியாம எப்படி ஒத்துக்கறது?

---

நான்குகட்டம் | ஞாயிறு, இரவு 10:02

முதல் தடவையா ஒத்துக்கமாட்டேன் சாரை நான் ஒத்துக்கறேன்.

---

குடுவைவாசி | ஞாயிறு, இரவு 10:10

மூணு காரணி, ரெண்டு ரெண்டு நிலை, எட்டு குடுவை. எங்க ஷேக்கர்ல பெரிய குடுவைக்கு அஞ்சு கிளிப்தான் இருக்கு. எட்டுல பாதியை மட்டும் செய்யற பாதி வடிவமைப்புன்னு ஒண்ணு இருக்காமே, நாலு குடுவையில முடிச்சுடலாமா?

---

நான்குகட்டம் | ஞாயிறு, இரவு 10:35

வேணாம். நாலுல முடிச்சா ஊடகத்தோட தனி விளைவும், ஆறவைக்கிறதும் காத்தும் சேர்ந்து செய்யற விளைவும் ஒரே எண்ணுக்குள்ள மாட்டிக்கும். பிரிக்கவே முடியாது. உங்களுக்குத் தெரிய வேண்டியதே அந்தச் சேர்க்கைதான்.

எட்டையும் ரெண்டு நாளாப் பிரிங்க. முதல் நாள்: எல்பி, ஆறவைக்காம, பாதிக் குடுவை; டிபி, ஆறவெச்சு, பாதிக் குடுவை; டிபி, ஆறவைக்காம, குடுவையில அஞ்சுல ஒரு பங்கு; எல்பி, ஆறவெச்சு, அஞ்சுல ஒரு பங்கு. மிச்சம் நாலும் ரெண்டாவது நாள். நாளுக்கு நாள் இருக்கிற வித்தியாசம் மூணும் சேர்ந்த விளைவோட மட்டும் கலக்கும், மத்ததெல்லாம் தப்பிச்சுடும். மொத்தக் குடுவையும் 2 லிட்டராவே இருக்கட்டும். எந்தக் கிளிப்புல எதுங்கிறதைச் சீட்டுப் போட்டு எடுங்க, ஷேக்கர் மூலையில வெப்பம் வேற மாதிரி இருக்கலாம்.

---

உலைமுகம் | திங்கள், காலை 6:05

அஞ்சாவது கிளிப்புல வெறும் தண்ணிக் குடுவை ஒண்ணு வெச்சு வெப்பமானியைப் போட்டுடுங்க தம்பி.

---

குடுவைவாசி | திங்கள், காலை 8:50

சரிங்க அண்ணா. நாலு குடுவை கிருமி நீக்கற ஆட்டோகிளேவ்ல இருக்கு. சீட்டு எழுதிட்டு இருக்கேன்.